சங்கு ஊதினால் சோறு

சங்கரன்கோவிலில் அந்தக் காலத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர்கள் எல்லாரும் அழகுக்குத்தான் கட்டியிருந்தார்கள் என்று நான் சத்தியம் செய்வேன். மணி தெரிய வேண்டும் என்றால் எங்கள் பஞ்சு மில்லின் சங்கு ஊத வேண்டும். காலை எட்டுக்கு ஒன்று, மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒன்று, சாயந்திரம் ஐந்தரைக்கு ஒன்று. எட்டுச் சங்குக்குள் பிள்ளைகளுக்குத் தலை சீவி முடிந்திருக்க வேண்டும். பன்னிரண்டரைச் சங்குக்கு ஊர் முழுக்கத் தட்டு விழும். கைக்குழந்தைகூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான் பசித்து அழும் என்பார்கள். எங்கள் தெருவில் மூன்று குழந்தைகளிடம் நான் சோதித்துப் பார்த்தேன். உண்மைதான்.

அந்த மில்லில் நான் ஆபீஸ் கிளார்க். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். எனக்கு இருபது வயது, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு, இன்றைக்கும் போகவில்லை. சிரிப்பு வந்தால் எனக்கு அடக்கத் தெரியாது. துக்க வீட்டில் சிரித்துவிட்டு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். அம்மா அதிகம் பேச மாட்டாள், கிள்ளுவாள்.

அம்மாவுக்கும் அதே மில்லில்தான் வேலை. நான் ரோட்டைப் பார்த்த ஆபீஸில், மின்விசிறிக்கு அடியில். அவள் கடைக்கோடியில், பருத்தியைக் கொட்டி வைக்கும் கிட்டங்கியில். வண்டியில் வந்து இறங்கும் பருத்தியில் கறை பட்டது, சருகு ஒட்டியது, கல் கிடப்பது எல்லாவற்றையும் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பொறுக்கிப் பிரிப்பாள். கிட்டங்கிக்கும் ஆபீஸுக்கும் நடுவில் அரவைக் கூடம். அங்கே ஒன்பது மிஷின்கள் பருத்தியைத் தின்று பஞ்சை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் துப்பிக்கொண்டிருக்கும். கிட்டங்கியிலிருந்து வெளியே வர வேண்டுமானால் அந்த ஒன்பது மிஷினுக்கும் நடுவே போகிற ஒற்றை நடைபாதைதான் வழி. கிட்டங்கிக்குப் பின்னால், சந்துப் பக்கம் திறக்கிற ஒரு கதவு உண்டு. ஆனால் ஒரு தை மாதம் அந்த வழியாக இரண்டு மூட்டைப் பருத்தி காணாமல் போனதிலிருந்து அதில் என் தலை அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. சாவி மானேஜரிடம்.

பஞ்சு மில் தீப்பிடிக்கத் தீக்குச்சி வேண்டாம். ஒரு சின்னக் கல் பருத்தியோடு உள்ளே போய் இரும்பில் உரசினால் போதும். மிஷின் சூடேறி உருளையில் சுற்றிய தோல் கருகும் வாடை வரும்போதெல்லாம் என் விரல் டைப்ரைட்டரில் நின்றுவிடும். அம்மாவுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒன்பது மிஷின் என்று எண்ணிக்கொள்வேன். அந்தப் பூட்டு திறந்தாக வேண்டும். அந்த வயதில் என் லட்சியம் அவ்வளவுதான். என் சிநேகிதிகளுக்குக் கனவில் மாப்பிள்ளை வருவான், எனக்குப் பூட்டு வந்தது.

அப்போதுதான் டெல்லியிலிருந்து அந்தக் காகிதம் வந்தது. டெல்லியிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து எங்கள் மில். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தது. நாடு முழுக்கத் தொழிற்சாலைகளில் விபத்தைக் குறைக்க ஒரு பெரிய திட்டம் போட்டிருக்கிறார்களாம். மானேஜர் அதை இரண்டு விரலால் தூக்கி என்னிடம் கொடுத்தார். ஐம்பது தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி, நல்ல மனிதர்தான். இங்கிலீஷைக் கண்டால் மட்டும் அவருக்குத் தலைவலி வரும்.

“ஏ புள்ள, இதுல என்ன எழுதியிருக்கான்? முக்கியமானத மட்டும் சொல்லு.”

நாலு பக்கக் காகிதம். நான் நேரே மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். “எல்லாக் கதவும் வேலை நேரத்துல உள்ளேருந்து திறக்க மாதிரி இருக்கணுமாம் சார்.”

“சரி. அடுத்து?”

“பாதுகாப்புக் குழு ஒண்ணு போடணுமாம். அதுல தொழிலாளி ஒருத்தரு, பொம்பளையாளு ஒருத்தி இருக்கணுமாம். தீப்பிடிச்சா எப்படி ஓடணும்னு ஒத்திகை பாக்கணுமாம். அப்புறம், எல்லாக் கதவும் உள்ளேருந்து திறக்க மாதிரி…”

“அதான் சொல்லிட்டியே.”

“ரெண்டு தடவை எழுதியிருக்கு சார்.” பொய்தான். ஒரு தடவைதான் எழுதியிருந்தது.

“அது டெல்லிக் கதவுக்கு எழுதினது. டெல்லியில பருத்தி திருடுதவன் கிடையாது. அடுத்து என்ன?”

குழு போட்டார். தலைவர் அவர். தொழிலாளி, கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மிஷின் ஃபிட்டர். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். காரியதரிசி நான், ஏனென்றால் டைப் அடிக்க வேறு ஆள் இல்லை. பெண் பிரதிநிதிதான் பாக்கி. மானேஜர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “வாயத் திறக்காத ஒருத்தியாப் பாத்துப் போடணும்” என்றார்.

“எங்க அம்மா இருக்கா சார்.”

“ஆமா. அவ தங்கமான பொம்பள. மூணு வருசத்துல ஒரு வார்த்த பேசிக் கேட்டதில்ல.”

இப்படியாக டெல்லியின் மகத்தான திட்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் இடம்பிடித்தோம். அன்று சாயந்திரம் வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. “கதவு திறந்திரும்மா, பாரேன்” என்றேன். அம்மா கிள்ளவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஒத்திகை பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், தேய்த்த சட்டை. எங்கள் ஊரில் கைக்கடிகாரத்தை நேரம் பார்க்கவே பயன்படுத்திய முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். பதினொரு மணிக்குச் சங்கு ஊத வேண்டும், ஊதியதும் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு. முந்தின நாளே பெண்களையெல்லாம் நிற்க வைத்து மானேஜர் சொன்னார். சரி சரி என்று தலையாட்டினார்கள். ஒருத்தி, ஒத்திகை என்றால் நாடகம் என்றைக்கு என்று கேட்டாள்.

பதினொன்றுக்குச் சங்கு ஊதியது. இன்ஸ்பெக்டர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. ஒரு ஈ காக்கா வெளியே வரவில்லை. மிஷின் சத்தம் நின்றுவிட்டது, ஆள் மட்டும் வரவில்லை. மானேஜருக்கு விபூதி வேர்வையில் கரைய ஆரம்பித்தது. மூன்றாவது நிமிஷம் எல்லாருமாக உள்ளே போய்ப் பார்த்தோம்.

அத்தனை பேரும் கை கழுவிவிட்டு, வட்டம் வட்டமாக உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய சோறு, கம்மங்கஞ்சி, துவையல், சின்ன வெங்காயம். புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் வாசம் கூடம் முழுக்க அடித்தது. சங்கு ஊதினால் சோறு. சின்ன வயதிலிருந்தே அவர்கள் காதுக்குத் தெரிந்தது அதுதான். முந்தின நாள் மானேஜர் சொன்னது மூளைக்குப் போயிருக்கும், ஆனால் சங்கு மூளைக்குப் போகாமல் நேரே வயிற்றுக்குப் போய்விட்டது.

“ஏம்மா, தீப்பிடிச்சா ஓடணும்னு சொன்னாங்கள்ல? ஏன் ஓடல?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு ஒரு பெண் சொன்னாள்: “சோத்துச் சங்குக்கு எதுக்கு ஓடணும்யா? சோறு எங்க போயிரும்? நீங்களும் கை கழுவிட்டு உக்காருங்க.”

நான் பஞ்சுப் பொதிக்குப் பின்னால் போய் முகத்தைப் பஞ்சிலேயே புதைத்துக்கொண்டு சிரித்தேன். எழுந்தபோது தாடி மீசையோடு இருந்தேன். அதைப் பார்த்துப் பாய் சிரிக்க, அவரைப் பார்த்துப் பெண்கள் சிரிக்க, இன்ஸ்பெக்டர் மட்டும் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அது மில்லோடு போயிருந்தால் தேவலை. வெளியே ஊர் வேறு கெட்டுக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பதினொன்றுக்குச் சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். வீடுகளில் உலை அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது, நேரமாகிவிட்டதே என்று பதறி அரைவேக்காட்டில் வடித்தவர்கள் பலர். புளியங்குடி பஸ் டிரைவர் தான் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று பயந்து கண்டக்டரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். பிறகு வழக்கம்போலப் பன்னிரண்டரைக்கு மறுபடியும் சங்கு ஊதியபோது ஊர் திகைத்து நின்றது. ஒரே நாளில் இரண்டு மத்தியானம். சிலர் மறுபடியும் சாப்பிட்டார்கள் என்று கேள்வி. ஒரு வாரம் வரைக்கும் நான் தெருவில் நடந்தால், “ஏட்டி, இன்னைக்கு எத்தன மத்தியானம்?” என்று கேட்காத ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டர் போகும் முன் கிட்டங்கியையும் பார்த்தார். பூட்டைத் தொட்டு, “இது என்ன?” என்றார்.

“அது ராத்திரிக்கு மட்டும் சார். பகல்ல திறந்துதான் கிடக்கும்” என்றார் மானேஜர். அப்போது மணி பகல் பதினொன்றரை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், மானேஜரைப் பார்த்தார். ஒரு மாதத்தில் மறுபடி வருவேன், அதற்குள் சங்கு இல்லாமல் வேறு ஒரு சத்தம் கண்டுபிடியுங்கள், கிட்டங்கி ஆட்கள் இந்தக் கதவு வழியாக வெளியே போவதை நான் பார்க்க வேண்டும் என்றார். மானேஜர் தாராளமா, தாராளமா என்று இரண்டு தடவை சொன்னார். அவர் இரண்டு தடவை சொன்னால் நடக்காது என்று அர்த்தம்.

குழு சனிக்கிழமை சனிக்கிழமை கூடியது. டீயும் உளுந்த வடையும் உண்டு. ஒரு சத்தம் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஊரில் எல்லாச் சத்தத்தையும் ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

“பெரிய வெண்கல மணி ஒண்ணு கட்டிருவோம்” என்றார் மானேஜர்.

“மணி அடிச்சா நின்ன எடத்துல நின்னு கன்னத்துல போட்டுக்கிடுவாளுவ சார்” என்றார் பாய். “தீக்கு நடுவுல நின்னு கும்பிடுவாளுவ.”

சேகண்டி அடிக்கலாமா என்று நான் கேட்டேன். மானேஜர் வடையைக் கீழே வைத்துவிட்டார். “எவன் செத்தான்னு ஊரே மாலையோட வந்து நிக்கும். பேச்சப் பாரு.” தமுக்கு அடித்தால் என்ன அறிவிப்பு என்று கேட்க உள்ளே கூட்டம் சேரும். ஐஸ் வண்டிக்காரன் ஹாரன் என்றால் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வருவார்கள். “எங்க ஊர்ல நோன்பு நாள்ல சங்கு ஊதுனா நாங்களும் கஞ்சிக்குத்தான் சார் ஓடுவோம். சங்குன்னா எல்லாச் சாதி சனத்துக்கும் சோறுதான் போல” என்று பாய் ஒரு தகவல் சொன்னார். அதை நான் கூட்டக் குறிப்பில் அப்படியே டைப் அடித்து வைத்தேன்.

விசிலை மட்டும் சோதித்தே பார்த்தோம். இரண்டு விசில் ஊதினால் ஓட வேண்டும் என்று திங்கட்கிழமை காலையில் சொல்லியாயிற்று. எங்கள் வாசலுக்கு எதிரேதான் பஸ் நிறுத்தம், கண்டக்டரும் இரட்டை விசில் ஊதித்தான் வண்டியைக் கிளப்புவார் என்பது குழுவில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ராஜபாளையம் பஸ்ஸுக்கு ஓடினார்கள், வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு ஓடினார்கள், திருவேங்கடம் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒற்றை விசிலுக்கு நின்று, இரட்டை விசிலுக்கு ஓடிப் பத்து மணிக்கெல்லாம் களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நிஜமாகவே தீப்பிடித்திருந்தாலும் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை நான் குலவை போடலாம் என்றேன். மானேஜர் புரியாமல் பார்த்தார். சரி, போட்டுக் காட்டுகிறேன் என்று அந்த அறையிலேயே நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டேன். போட்டதுதான் தாமதம், அரவைக் கூடத்திலிருந்து பதில் குலவை வந்தது. அதைக் கேட்டுக் கிட்டங்கியில் போட்டார்கள். ஒருத்தி குலவை போட்டால் இன்னொருத்தி சும்மா இருப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. மில் முழுக்கக் கல்யாண வீடாகிவிட்டது. அது ஓயக் கால் மணி நேரம் ஆனது. யாருக்கு என்ன விசேஷம் என்று மில்லுக்கு வெளியேயிருந்து இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

மானேஜர் காதிலிருந்து கையை எடுத்தார். “ஊருல சும்மா கிடக்க சத்தம் ஒண்ணுகூடவா இல்ல, வே பாய்?”

அப்போது அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். மூன்று கூட்டத்திலும் அதுவரை டீ குடித்ததைத் தவிர அவள் எதுவும் செய்ததில்லை.

“டின்னு அடிக்கலாம்” என்றாள்.

“என்ன டின்னு?”

“கிளி விரட்டுத டின்னு.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் மில் பெண்களில் முக்கால்வாசிப் பேர் திருவேங்கடத்துப் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர்க்காரிகள். சோளமும் கம்பும் கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டில் பரண் மேல் நின்று, காலி மண்ணெண்ணெய் டின்னைக் கம்பால் அடித்து, கிளியையும் குருவியையும் விரட்டி வளர்ந்தவர்கள். அந்தச் சத்தத்துக்குச் சோறும் கிடையாது, சாமியும் கிடையாது, சாவும் கிடையாது. டின் அடித்து யாரும் யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. அதற்கு ஒரே அர்த்தம், போ. ஓடு. நிற்காதே.

மானேஜர் சிரித்துவிட்டார். “அதுக்கு இவளுவ என்ன கிளியா?”

“கதவு தொறந்திருந்தா பறக்கும்யா” என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். மானேஜர் டம்ளரில் இல்லாத டீயைக் குடித்தார். பிறகு, சரி, இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குத் திறந்து வைக்கேன் என்றார். அன்றைக்கு மட்டும்தானா என்று நான் கேட்க வாயெடுத்தேன். மேஜைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

டின்தான் அடிப்போம் என்று பெண்களிடமும் சொன்னோம், இன்ஸ்பெக்டருக்கும் எழுதினோம், அவர் வெள்ளிக்கிழமை வருவதாகப் பதில் போட்டிருந்தார். புதன்கிழமையே வந்துவிட்டார், மத்தியானம் மூன்று மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல். ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். “டின் எங்கேம்மா?” என்று கேட்டார். காட்டினேன். “நான் உள்ளே போறேன். நூறு எண்ணிட்டு அடி” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார்.

நூறு எண்ணுவதற்குள் எனக்கு நூறு வயது ஆனது. பிறகு அடித்தேன். கம்பு கையில் துள்ளத் துள்ள அடித்தேன். பாய் மிஷினை நிறுத்தியதுதான் தெரியும், பெண்கள் வாசலில் கொட்டினார்கள். தலையில் பஞ்சோடு, கையில் எதுவும் இல்லாமல், ஒருத்தியும் சட்டியை எடுக்காமல். ரோட்டோரம் நின்ற ஆடு இரண்டும்கூட ஓடின. எனக்கு ஆனந்தத்தில் கூவ வேண்டும் போலிருந்தது. டின்னைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

நடைபாதையில் இன்ஸ்பெக்டர் சிவப்புத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். “இங்கே தீ. இந்த வழியா யாரும் வரக் கூடாது.” அவருக்கு அந்தப் பக்கம், கிட்டங்கி வாசலில் அம்மாவும் பத்துப் பெண்களும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் மானேஜர். பருத்தி தரம் பார்க்கப் போனவர் மாட்டிக்கொண்டார்.

“சார், நான் மானேஜர்.”

“எனக்குத் தெரியும். தீக்குத் தெரியாது. பின் கதவு வழியா வாங்க.”

மானேஜர் பூட்டைப் பார்த்தார். பெண்கள் மானேஜரைப் பார்த்தார்கள். சாவி எங்கே என்று மில்லில் எல்லாருக்கும் தெரியும். திருட்டுப் போனதிலிருந்து அவர் அதை அரைஞாண் கயிற்றில் கோத்து, வேட்டிக்குள்ளே போட்டிருந்தார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். அதை எடுக்க வேண்டுமானால் வேட்டியைத் தளர்த்த வேண்டும். சுற்றிப் பதினோரு பெண்கள். அவர் வேட்டி முடிச்சைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்து, “இரண்டு நிமிஷம். புகை வந்தாச்சு” என்றார்.

அப்போது அம்மா இரண்டாவது தடவையாக வாயைத் திறந்தாள்.

“நாங்க செவரப் பாத்துக்கிடுதோம்யா. நீங்க அவுருங்க.”

பதினோரு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் மரியாதைக்காகச் சிவப்புத் துண்டைக் கண்ணுக்கு உயர்த்திக்கொண்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கயிறு முடிச்சு இறுகியிருந்ததோ என்னவோ, பூட்டு திறந்து கதவு கிறீச்சென்று சந்துப் பக்கம் விலகியபோது நாலரை நிமிஷம் ஆகியிருந்தது.

ரிப்போர்ட்டை இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். அவர் யோசித்தார். நான் உதட்டைக் கடித்தேன். கடைசியில் அவர்தான் முதலில் சிரித்தார், அதுவரை ஒரு தடவைகூடச் சிரிக்காத மனிதர், கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு, “சாவி எடுப்பதில் தாமதம்னு போடும்மா” என்றார்.

மறுநாள் காலை எட்டுச் சங்குக்கு முன்பே மானேஜர் வந்து பாயைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், “பூட்டு மாட்டுத அந்தக் கொண்டியக் கழத்திப் போடும், வே. உள்ள ஒரு தாப்பா மட்டும் வையும். வாட்ச்மேன் கட்டில சந்துப் பக்கம் போடச் சொல்லும்” என்றார். சொல்லிவிட்டு, “நானும் உள்ளதான மாட்டிக்கிட்டேன்” என்று தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது. அதற்காக அவருக்கு இன்று வரைக்கும் நான் நன்றியுடன் இருக்கிறேன். பூட்டைப் பாய் கழற்றி என் மேஜையில் வைத்தார். ரொம்ப நாள் அதைத்தான் காகிதத்தின் மேல் பாரமாக வைத்திருந்தேன்.

அதற்கு அடுத்த சித்திரையில், பருத்தி வரத்து உச்சத்தில் இருந்தபோது, ஐந்தாவது மிஷினில் கல் போனது.

டப்பென்று ஒரு சத்தம், பிறகு வாடை. தலையைத் தூக்கினால் கூடத்துக்கு மேலே புகை. எழுந்து ஓடினேன், கை தானாகச் சங்கு சுவிட்சுக்குத்தான் போனது. சுவரில் கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது. அந்த நேரத்தில் சங்கு ஊதியிருந்தால் கொஞ்சம் முன்னாலேயே ஊதிட்டான் என்று சந்தோஷப்பட்டு எல்லாரும் கை கழுவப் போயிருப்பார்கள். கை கழுவும் குழாய் ஐந்தாவது மிஷினுக்குப் பின்னால் இருந்தது. சுவிட்சை விட்டுவிட்டு டின்னை எடுத்தேன்.

அடித்தேன். பெண்கள் வந்தார்கள், இருமிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாயும் ஆண்களும் மணல் வாளியோடும் நனைத்த சாக்கோடும் உள்ளே பாய்ந்தார்கள். நடைபாதை தெரியவில்லை, வெறும் புகை. அதற்கு அந்தப் பக்கம் கிட்டங்கி. வந்தவர்களை எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் பதினொன்று குறைந்தது. பன்னிரண்டரைச் சங்கு ஊத ஆள் இல்லை, ஊருக்கு அன்று மத்தியானமே வரவில்லை. தெருவில் சனம் கூடி நின்றது. யாரோ, “போதும் தாயி, எல்லாரும் வெளிய வந்தாச்சு” என்று என் தோளைத் தொட்டார்கள். கையைத் தட்டிவிட்டேன். நான் அடிக்கிற வரைக்கும் அம்மா ஓடிக்கொண்டிருப்பாள், நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாள் என்று எனக்குப் பட்டது. டின் நசுங்கிவிட்டது. உள்ளங்கை தோல் உரிந்தது. நசுங்கிய டின்னை மறுபக்கம் திருப்பி அடித்தேன்.

அந்தச் சந்து நீளமானது. பக்கத்து மிளகாய் வத்தல் கிட்டங்கியைச் சுற்றி, முனையில் திரும்பி, மறுபடி ரோட்டுக்கு வந்துதான் மில் வாசலுக்கு வர வேண்டும். அந்த முனையில் முதலில் பத்துப் பெண்கள் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மா. அவசரமே இல்லாமல், தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரையும் முதலில் அனுப்பிவிட்டு, கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்தாளாம், காற்று உள்ளே போனால் தீ ஏறும் என்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். எனக்குக் கண் தெரியவில்லை, சிரிக்கிறேனா அழுகிறேனா என்றும் தெரியவில்லை, கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கிள்ளவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பை வாங்கிக்கொண்டாள்.

“போதும்ட்டி” என்றாள். “கிளியெல்லாம் பறந்துட்டு.”